யாரும் அழைக்காத வகுப்பு

ஜெனிஸ்ராவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அடுத்த கிழமை, பேசாலைக் கரையில் நின்றவர்களின் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடித்தன.

படகுகள் இறங்கும் பின்னேரம் அது. வலையை ஏற்றி, எண்ணெய் ஊற்றிவிட்டு, ஆட்கள் படகு விளிம்புகளில் குந்தியிருந்தார்கள். மூன்று மணிவரை அப்படிக் காத்திருப்பது அங்கே பழக்கமாகிவிட்டது. போன் அடித்தால் கடல் சரியில்லை, வீட்டுக்குப் போகலாம். அடிக்காவிட்டால் இறங்கலாம். யாரும் போட்ட சட்டமல்ல. இரண்டு வருடத்தில் தானாக ஊறிப்போனது.

அன்று அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவர்களுக்கு, சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்த பிள்ளையின் குரல் கேட்டது.

"அப்பாமார், அண்ணாமார், நான் ஜெனிஸ்ரா கதைக்கிறன். இண்டைக்குக் கச்சான் காத்து கடுமையாய் அடிக்கும். இறங்காதையுங்கோ."

ஒருவன் போனை மணலில் போட்டான். சிலர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் டொமினிக் தன் பயத்தைக் காட்டாமல், செத்தும் இவள் எங்களைத் தொழிலுக்குப் போக விடுகிறாளில்லை என்று சொல்லிப் பார்த்தாராம். ஒருவரும் சிரிக்கவில்லை. கிறகரி மட்டும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். அழைப்பு முடிந்த பிறகும் நின்றார். அவர் ஜெனிஸ்ராவின் தகப்பன்.

அவளுடைய கணவன் சாந்தரூபன் அப்போது உப்புக்குளத்தில், வாடகை வீட்டின் முன்னறையில் இருந்தான். அவனுடைய இலக்கமும் அந்த அழைப்பில் இருந்தது. சோதித்துப் பார்ப்பதற்காக அவள் சேர்த்தது. போன் மேசையில் கிடந்து அதிர்ந்தது. என்ன அழைப்பு என்று பார்த்ததுமே தெரிந்தது. அவன் எடுக்கவில்லை. அது ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

பெண்சாதி செத்ததற்கு அவன் அழவில்லை என்று பேசாலையில் ஒரு கதை உண்டு. பொய்யல்ல. காய்ச்சல் என்று படுத்தாள், டெங்கு என்றார்கள், ஒரு கிழமைக்குள் எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு அவன் வேலை செய்தான், சாப்பிட்டான், சட்டை தோய்த்தான். அவளுடைய கதிரை அவள் எழும்பிப் போன கோணத்திலேயே நின்றது. அதைப் பாதுகாத்தான் என்றில்லை. நகர்த்தவேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

*

அந்த அழைப்பை அனுப்பும் கணினி நிரலை அவனும் ஜெனிஸ்ராவும் சேர்ந்து எழுதியிருந்தார்கள். இருவருக்கும் கொழும்புக் கம்பனி ஒன்றில் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். மிஞ்சிய நேரத்தில் தகப்பனின் சங்கத்துக்கு இதைச் செய்து கொடுக்கவேண்டும் என்று ஆரம்பித்தவள் ஜெனிஸ்ராதான். சாந்தரூபனுக்குக் கடல் தெரியாது. அவன் பிறந்தது தமிழ்நாட்டில், மண்டபம் அகதி முகாமில். கல்லூரியும் அங்கேதான். கடல் என்பது ஒருநாள் தாண்டிப் போகவேண்டிய ஒன்று என்பதற்கு மேல் அவனுக்கு யாரும் எதுவும் சொல்லித் தந்ததில்லை.

எழுதியது ஜாவாவில். அந்த மொழியில் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லியாகவேண்டும். எதற்குள் என்ன இருக்கும், யார் யாரை அழைப்பார்கள் என்பது வரைக்கும். நிரல் ஓடுவதற்கு முன்பே கொம்பைலர் வரிவரியாகப் பார்க்கும். தெரியாத பெயர் ஒன்று தட்டுப்பட்டாலும் போதும், மேலே போகவிடாது. சாந்தரூபனுக்கு அது பிடித்திருந்தது. முகாமில் மாதாமாதம் வரிசையில் நின்று வளர்ந்தவனுக்கு, பெயர் பதிவில் இருக்கிறதா என்பது சின்ன விசயமல்ல.

ஜெனிஸ்ராவுக்குப் பிடிக்காது.

"உம்மட கொம்பைலர் எங்கட கோயில் மூப்பர் மாதிரி" என்பாள். "ஞானஸ்நானச் சீட்டுக் காட்டாட்டில் மாதாவையே உள்ள விடாது."

அவள் வேறு வழி எடுத்தாள். ஒவ்வொரு காற்றும் ஒரு வகுப்பு. வகுப்பு என்பது அச்சு மாதிரி. வேண்டியபோது அதிலிருந்து ஒரு பொருளை வார்த்து எடுக்கலாம். வடகிழக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான் என்று நான்கு அச்சுகள். எவ்வளவு வேகத்தில் ஆபத்து, என்ன சொல்வது, அவள் பேசிப் பதிந்த எந்தக் குரலைப் போடுவது என்பதெல்லாம் அந்தந்த அச்சுக்குள் இருந்தன. ஆனால் தலைமை நிரல் அந்த வகுப்புகளில் ஒன்றையும் நேராகத் தொடாது. அது காற்றின் கணிப்பை வாசிக்கும். திசையைப் பார்த்து ஒரு பெயரை வெறும் எழுத்தாக எடுக்கும். பிறகு, இந்தப் பெயரில் ஒருவர் இருந்தால் எழும்பி வரட்டும் என்று கேட்கும். இருந்தால் அந்தக் கணமே அது உருவாகி வந்து தன் வேலையைச் செய்யும். கொம்பைலரின் கண்ணுக்கு இது ஒன்றும் படாது. அதற்கு அது இரண்டு மேற்கோள்குறிகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு சொல்.

நாளைக்குப் புதிதாக ஒரு காற்றைச் சேர்ப்பதென்றாலும் தலைமை நிரலைக் கிளறத் தேவையில்லை, ஒரு வகுப்பை எழுதி உள்ளே போட்டால் பெயர் சொன்னதும் வரும் என்று அவள் சொன்னாள். அவன் விடவில்லை. கூப்பிட்ட பெயரில் ஒருவரும் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டான்.

"இல்லாட்டில் கத்தோணும்" என்றாள் ஜெனிஸ்ரா. "ஊருக்கே கேக்கிற மாதிரிக் கத்தோணும்."

ஒரு பெயர் இல்லையென்பதற்காக முழு நிரலும் விழுந்து நிற்பதா என்று அவன் வாதாடினான். கடைசியில் அந்த இடத்தை எழுதியவன் அவன்தான். ஆள் இல்லையென்றால் ஒரு மூலையில் குறித்துவைத்துவிட்டு, சத்தமில்லாமல் நிரல் அடுத்த வேலையைப் பார்க்கும்.

*

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மாமியார் வீட்டுக்குப் போயிருந்தான். மாமியார் மாக்கிறட் சாப்பாடு போட்டுவிட்டு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். மீன் குழம்பைப் பற்றி ஏதோ கேட்டாள். பிறகு, கேட்க வந்ததைக் கேட்டாள்.

"தம்பி, அந்தக் குரலை நிப்பாட்டுங்கோ."

சாந்தரூபன் கையை நிறுத்தினான்.

"அவள் செத்துப் போனாள். செத்த பிள்ளைய எழுப்பி எழுப்பி வேலை வாங்கிறியள். அவளுக்கு எப்ப இளைப்பாற்றி? கார்த்திகை வருது. ஆத்துமாக்களின்ர பூசைக்கு ஊரெல்லாம் பேர் குடுக்குது. நான் எந்த வாயால குடுக்க? சாமி கோயில்ல அவளின்ர பேரை வாசிப்பார், பின்னேரம் கரையில அவள் கதைப்பாள். எது உண்மை?"

கரையில் மற்றப் பெண்களும் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று அவள் சொன்னாள். அழைப்பு வரும் நாட்களில் கர்ப்பிணிப் பெண்கள் போன் பக்கமே போவதில்லையாம். கிறகரி வாசலில் திரும்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மருமகன் தன் பக்கம் பார்ப்பான் என்று எதிர்பார்த்தாரோ தெரியாது. சாந்தரூபன் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, சரி மாமி, மாத்திவிடுறன் என்றான். கிறகரி செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

புதுக் குரலுக்குச் சங்கக் கந்தோரில் வேலை செய்யும் பிரேமினியைப் பிடித்தார்கள். நல்ல தெளிவான குரல். முதல் தடவை வாசித்தபோது டொமினிக் காதைப் பொத்திக்கொண்டார்.

"பிள்ளை, நகைக்கடை விளம்பரம் மாதிரிச் சொல்லாதை. கேக்கிறவன்ர வயித்தில புளி கரையோணும்."

"உங்கட மனிசியைக் கூட்டியந்து வாசிக்க விடுங்கோவன்" என்றாள் பிரேமினி. "ஒருத்தரும் இறங்கமாட்டினம்."

கந்தோரில் எல்லோரும் சிரித்தார்கள். சாந்தரூபனும் சிரித்ததாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

*

வீட்டுக்கு வந்து நான்கு வகுப்புகளையும் புதிதாக எழுதினான். பிரேமினியின் குரலை அவற்றுக்குள் வைத்தான். பழையவற்றைத் துப்புரவாக எடுத்துவிடத் தீர்மானித்தான். பாதி எடுத்துப் பாதி விட்டால் என்றாவது ஒருநாள் அவள் தவறிப்போய் எழும்பி வருவாள். அது மாமிக்குச் செய்யும் துரோகம் என்று நினைத்தான். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

அவன் எழுதும் மென்பொருளில் ஒரு வசதி உண்டு. நிரலில் யாருமே அழைக்காத வகுப்பு என்றால் அதன் பெயரைச் சாம்பல் நிறத்தில் காட்டும். ஜெனிஸ்ராவின் வகுப்புகள் எல்லாம் எழுதிய நாளிலிருந்தே சாம்பல் நிறந்தான். வெறும் எழுத்தால் மட்டும் அழைக்கப்படுபவை அவை. அழைப்பது யாரென்று மென்பொருளுக்குத் தெரிய வழியில்லை. அவளுக்கு அதில் ஒரு சந்தோசம். நாங்கள் ஒருத்தரின்ர கண்ணுக்கும் தெரியமாட்டம் என்று சொல்லிச் சிரிப்பாள்.

நான்கு சாம்பல் பெயர்களுக்குக் கீழே ஐந்தாவதாக ஒன்று இருந்தது. வாடைக்கொண்டல்.

அவன் அதைக் கண்டதில்லை. எப்போது எழுதினாளோ. திறந்தான். உள்ளே சில வரிகளே இருந்தன. ஒரு குரல் பதிவும் இருந்தது.

சாந்தரூபன் கவனக்குறைவானவன் அல்ல. சாம்பல் நிறத்தை நம்பக்கூடாது என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே அந்தப் பெயர் வெறும் எழுத்தாக எங்காவது கிடக்கிறதா என்று முழு நிரலையும் தேடினான். வாடை இருந்தது. கொண்டல் இருந்தது. வாடைக்கொண்டல் என்று ஓரிடத்திலும் இல்லை. அப்படியென்றால் அது கூப்பிடப்படவே மாட்டாத பெயர். அரைகுறையில் அவள் கைவிட்ட ஏதோ ஒன்று.

குரல் பதிவைக் கேட்டிருந்தால் விளங்கியிருக்கும். பதிவின் மேல் விரலைக் கொண்டுபோனான். காதுக்குள் அடைத்தது மாதிரி இருந்தது. விரலை எடுத்து, ஐந்தையும் ஒன்றாகத் தெரிவுசெய்து, அழித்தான்.

திரை வெறிச்சென்று இருந்தது. அவன் எழும்பிப்போய் முகம் கழுவினான்.

*

கார்த்திகை இரண்டாம் நாள், ஆத்துமாக்களின் பூசையில், சுவாமியார் மரித்தவர்களின் பெயர்களை வாசித்தார். நீளமான வாசிப்பு. கடலோடு போனவர்கள், சண்டையோடு போனவர்கள், நோயோடு போனவர்கள். ஒரு பெயர் வாசிக்கப்படும்போது அந்தக் குடும்பம் தலையைக் குனியும். ஜெனிஸ்ரா கிறகரி சாந்தரூபன் என்று வந்தபோது மாக்கிறட் குனிந்தாள். சாந்தரூபன் குனியவில்லை. பெயரைச் சொல்லியாயிற்று, இனி ஏதாவது நடக்கவேண்டும் என்பதுபோல் அவன் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவாமியார் அடுத்த பெயருக்குப் போனார்.

அடுத்த சில நாளில் வாடை எழும்பியது. பிரேமினியின் குரல் முதன்முதலாகக் கரைக்குப் போனது. ஒரு சிக்கலும் இல்லை. புதுப் பிள்ளை நன்றாகச் சொல்கிறாள் என்று டொமினிக் அழைத்துச் சொன்னார். பெண்களுக்கும் நிம்மதி. கிறகரி மட்டும் அன்றிலிருந்து தொழிலுக்குப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார் என்று, ஏதோ வேடிக்கை போல, பேச்சோடு பேச்சாக டொமினிக் சொல்லி வைத்தார்.

"ஏன்?" என்று கேட்டான் சாந்தரூபன்.

"மூண்டு மணிக்கு மற்றவன்ர போன் அடிக்குதோ எண்டு பாத்தால் போதுந்தானே எண்டுறார்."

*

அந்த வாடை அடங்கி, கடல் ஒரு கிழமை எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. நல்ல மீன் பட்டது. பிறகு ஒரு வியாழன்.

மத்தியானத்திலிருந்தே வெக்கை. சாந்தரூபன் கம்பனி வேலையில் இருந்தான். மூன்று மணி கடந்தது. போன் அடிக்கவில்லை. அவன் அதைக் கவனிக்கவும் இல்லை. கொஞ்சம் கழித்து யன்னல் கதவு ஒன்று அடித்தது. எழும்பிப் போய்க் கொழுக்கியைப் போட்டான். திரும்பி வந்து இருந்ததும் அறையின் மற்றப் பக்க யன்னல் அடித்தது. முற்றத்துக் கொடியில் அவனுடைய சாரம் கிடையாகப் பறந்தது. வேலிக்கு அப்பால் யாரோ தகரத்தைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள்.

யன்னல் அடிக்கிறது. போன் அடிக்கவில்லை.

அவன் கொஞ்ச நேரம் போனைப் பார்த்தான். பிறகு நிரலின் மூலைக் குறிப்பைத் திறந்தான். மூன்று மணிக்கு ஒரு வரி இருந்தது. நான்கு மணிக்கும் அதே வரி.

வாடைக்கொண்டல்: இந்தப் பெயரில் வகுப்பு இல்லை.

அதன் கீழே, அவன் எழுதி வைத்தபடியே, நிரல் சத்தமில்லாமல் அடுத்த வேலைக்குப் போயிருந்தது.

அவன் தலைமை நிரலைத் திறந்து அந்த இடத்துக்குப் போனான். எத்தனையோ தடவை பார்த்த இடம். காற்று இடைத் திசையில் நின்றால் பக்கத்துப் பெரிய காற்றோடு சேர்த்துவிடும்படி ஜெனிஸ்ரா எழுதியிருந்தாள். ஓரிடத்துக்கு மட்டும் வேறு விதி. வாடைக்கும் கொண்டலுக்கும் நடுவே நின்றால், முதல் பெயரை எடு, இரண்டாவது பெயரை எடு, இரண்டையும் பொருத்து, வருவதைக் கூப்பிடு. அந்தப் பெயர் முழுதாக எங்குமே எழுதப்பட்டிருக்கவில்லை. காற்று வந்தால்தான் அது பெயராகும். இரண்டு வருடத்தில் ஒருநாளும் வராத அந்தக் காற்று, அவன் தேடிய அன்றும் இல்லை.

போன் அடிக்கவில்லை. அடிக்காவிட்டால் இறங்கலாம். பேசாலை முழுக்க இறங்கியிருக்கும்.

டொமினிக்கை அழைத்தான். இணைப்புக் கிடைக்கவில்லை. மறுபடி அழைத்தான். கடலுக்குள் போனவர்களுக்குச் சில இடங்களில் எடுக்கும், சில இடங்களில் எடுக்காது. ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஒரே தடவையில் எல்லோரையும் அழைக்க ஒரு வழிதான் உண்டு. எடுக்காதவர்களை எடுக்கும்வரை அது அழைக்கும். அதற்கு அந்தப் பெயரில் ஒருவர் வேண்டும்.

எதை அழித்தாலும் பழைய பிரதி ஒன்று களஞ்சியத்தில் கிடக்கும். சாந்தரூபன் அழித்த நாளுக்குப் பின்னோக்கிப் போனான். ஐந்தில் ஒன்றை மட்டும் எடுத்தான். வகுப்பும் குரல் பதிவும் தம் பழைய இடத்துக்கு வந்தன. மாமிக்குக் கொடுத்த வாக்கு ஒருகணம் நினைவுக்கு வந்தது. பிரேமினியை எங்கே தேடுவது, எப்போது பதிவது? நிரலை நிறுத்தி மறுபடி ஓடவிட்டான். அது கணிப்பை வாசித்தது. முதல் பெயரை எடுத்தது. இரண்டாவதை எடுத்தது. பொருத்தியது. கூப்பிட்டது.

இம்முறை இல்லை என்ற வரி வரவில்லை.

மேசையில் அவனுடைய போன் அதிர்ந்தது. அவன் எடுத்தான்.

"அப்பாமார், அண்ணாமார், நான் ஜெனிஸ்ரா கதைக்கிறன். இது வாடைக்கொண்டல். கரையில நிக்கிறாக்கள் இறங்காதையுங்கோ. இறங்கினாக்கள் வலையைப் பாக்காதையுங்கோ. விட்டிட்டு வாங்கோ. வலை போனால் போகுது. விட்டிட்டு வாங்கோ."

குரல் அந்த அறைக்குள்தான் இருந்தது. இந்த மேசையில், அந்தக் கதிரையில் இருந்து பதிந்திருக்கிறாள். மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அவள் நிறுத்திய பிறகு, அவள் பொத்தானை அமர்த்துவதற்கு முன்னால், பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. குசினிப் பக்கமிருந்து, சாதாரணமாக, ஓரவசரமும் இல்லாமல்.

"தேத்தண்ணி போடட்டே?"

அது அவன். அந்த நாள் அவனுக்கு ஞாபகமில்லை. எந்த நாளென்றும் தெரியவில்லை. அவ்வளவு நிம்மதியாக அவன் கேட்டிருக்கிறான். அழைப்பு அறுந்தது.

*

மோட்டார் சைக்கிளைப் பேசாலைக்கு விட்டான். தலைமன்னார் வீதியில் கழுதைகள் காற்றுக்கு முதுகைக் காட்டி, மதிலோரமாக ஒண்டி நின்றன. தெற்குக் கரையோரமாகக் காற்றாலைகள் வரிசைக்கு நின்றன. எல்லாவற்றின் முகமும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது. வடகிழக்குமில்லை, கிழக்குமில்லை. இரண்டுக்கும் நடுவே, யாரோ கூப்பிட்ட திசையைப் பார்ப்பதுபோல.

கரையில் ஊர் நின்றது. முதற்படகுகள் வந்துவிட்டன. அலை ஒவ்வொன்றையும் தூக்கிக் கரையில் எறிய, ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடித்து இழுத்தார்கள். வந்த படகுகளில் வலை இல்லை. கையில் பொலித்தீன் பையால் சுற்றிய போனோடு ஒருவன் சாந்தரூபனைக் கண்டு கிட்டவந்தான். அவனுடைய தோளைப் பிடித்துவிட்டுப் போனான்.

மாக்கிறட் சனத்திலிருந்து தள்ளி நின்றாள். அவள் கையிலும் ஒரு போன் இருந்தது. கிறகரியுடையது. வீட்டில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் கிடந்து அடித்திருக்கிறது. அவள் எடுத்திருக்கிறாள்.

"மாமி" என்றான் சாந்தரூபன். "நான்தான் அந்தக் காத்தை அழிச்சனான். தேவையில்லை எண்டு நினைச்சு அழிச்சனான். அதாலதான் மூண்டு மணிக்கு அடிக்கேல்லை."

அவள் அவனைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இவரின்ர தம்பியைக் கொண்டுபோனது இந்தக் காத்துத்தான். எல்லாரும் திரும்பீட்டினம். அவர் வலையை விட மனமில்லாமல் இழுத்துக்கொண்டு நிண்டவர். அவளுக்கு அப்ப ஏழு வயசு. ஏன் சித்தப்பா வலையை விட்டிட்டு வரேல்லை எண்டு எத்தினை நாள் கேட்டவள்."

போனை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"இந்த மனிசனும் விடாது."

படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்று தெரியும்போதும் பெண்கள் நிறத்தையும் எஞ்சின் சத்தத்தையும் வைத்து ஆளைச் சொன்னார்கள். கிறகரி இல்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கியது. டொமினிக்கும் வரவில்லை என்று யாரோ சொன்னார்கள். சாந்தரூபன் காற்றுக்குள் நின்றான். உடுப்பு நனைந்திருந்தது. ஒரு பெயரை அழிக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று நினைத்துப் பார்த்தான். முகம் கழுவியதுதான் கூடுதல் நேரம்.

இருட்டுவதற்குச் சற்று முன்னால் இரண்டு படகுகள் ஒன்றாகத் தெரிந்தன. ஒன்றை ஒன்று கயிற்றில் கட்டி இழுத்து வந்தது. முன்னால் வந்தது டொமினிக்கின் நீலப் படகு. மாக்கிறட் எட்டிப் பார்க்கவில்லை. பின்னால் வந்த படகு யாருடையது என்று மற்றவர்கள் சொல்லும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

கிறகரி என்றார்கள்.

இறங்கி வந்த டொமினிக்குக் குரல் கட்டியிருந்தது. அவர் சொன்னது இதுதான். போனைக் கேட்டதும் வலையை விட்டுவிட்டுத் திரும்பினார். திரும்பும்போது வடக்கே கிறகரியின் படகைக் கண்டார். எஞ்சினை நிறுத்திவிட்டு, சாயச் சாய நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தாராம். கத்திக் கூப்பிட்டார், கிறகரி கையை ஆட்டிப் போ என்றார். கிட்டப் போனார், அப்போதும் விடவில்லை. டொமினிக்கின் படகில் நின்றவன் ஒருவன் தன் போனை எடுக்காமல் விட்டதால், அதற்கு நிரல் மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டிருந்தது. அது திரும்ப அடித்தபோது டொமினிக் அதைப் பறித்து, சத்தத்தைக் கூட்டி, கைநீட்டிக் கிறகரியின் காதருகே பிடித்தார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றார் டொமினிக். "அவள்தான் சொன்னவள்."

கிறகரி கடைசிவரை கேட்டாராம். பிறகு கத்தியை எடுத்து வலையை அறுத்தாராம். எஞ்சின் தண்ணீர் குடித்துக் கிளம்ப மறுத்தது. அதனால்தான் கட்டி இழுத்து வரவேண்டியதாயிற்று.

கிறகரி மருமகனைக் கண்டார். அவனுக்குக் கிட்ட வந்து நின்றார். மாக்கிறட் தன் சேலைத் தலைப்பால் அவருடைய தலையைத் துவட்டினாள். துவட்டும் கையில் அந்தப் போன் இன்னும் இருந்தது.

*

வீட்டில் கிறகரி போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். வெளியே காற்று ஓயவில்லை. கூரைத் தகடு விட்டுவிட்டுத் தட்டியது. சாந்தரூபன் மேசைக்கு எதிரே கதிரையில் இருந்தான். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று இருந்தான்.

நாளைக்கே பிரேமினியைக் கொண்டு இந்த ஒன்றையும் பதிவித்துவிடுவதாகச் சொன்னான். ஆள் இல்லாத பெயரைக் கூப்பிட்டால் இனி நிரல் கத்தும், அதையும் எழுதிவிடுவதாகச் சொன்னான். இன்று செய்தது நெருக்கடிக்குச் செய்தது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றான்.

மாக்கிறட் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"மற்ற நாலும் அந்தப் பிள்ளை சொல்லட்டும்" என்றாள். "இதை விடுங்கோ. இது அவளின்ர."

அவன் தலையாட்டினான். எழும்பப் போனான். அவள் போனை மேசையில் வைத்து, அவன் பக்கமாகத் தள்ளினாள்.

"தம்பி, கடைசியில ஒரு குரல் வருது. தேத்தண்ணி கேக்குது. அது ஆர்?"

"நான்தான், மாமி."

"அவள் என்ன சொன்னவள்?"

சாந்தரூபன் யோசித்தான். அந்த அறையை நினைத்தான். குசினி வாசல், கதிரை, திரும்பிப் பார்க்கும் அவளுடைய கழுத்து. அதற்கு அப்பால் ஒன்றும் வரவில்லை. பதிவு அந்த இடத்தில் அறுந்துவிடுகிறது. அவள் ஓம் என்றாளா, வேண்டாம் என்றாளா என்பது உலகத்தில் எங்கேயும் இல்லை.

"தெரியேல்லை, மாமி" என்றான். வாய் கோணியது. "எனக்கு ஞாபகமில்லை."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அதற்குப் பிறகு வந்ததை அவனால் நிறுத்த முடியவில்லை. மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டான். உள்ளே கிறகரி புரண்டு படுப்பது கேட்டது.

மாக்கிறட் அவனைத் தொடவில்லை. தேற்றவும் இல்லை. அவன் அழுது முடிக்கட்டும் என்று இருந்தாள். பிறகு எழும்பிக் குசினிக்குள் போய்க் கேத்தலைக் கழுவி, தண்ணீர் பிடித்து, அடுப்பில் வைத்தாள்.

"ஓம் எண்டுதான் சொல்லியிருப்பாள்" என்றாள் அங்கிருந்து. "தேத்தண்ணியை அவள் ஒருநாளும் வேண்டாம் எண்டதில்லை."